சாய்கோடு

வியாழன் காலை பத்து மணிக்குப் போகவேண்டும்.
திங்களில் யாரும் வீடு தேடுவதில்லை,
வெள்ளியில் எல்லாரும்
இருக்கிற வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறார்கள்.
ஒன்பது வருடத்தில் நான் கற்றது:
தலைப்பில் ஆச்சரியக்குறி வேண்டாம்.
'கனவு இல்லம்' வேண்டவே வேண்டாம்.
குழாயைத் திற,
தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்,
அதை எழுது.

ஒருமுறை எழுதினேன்:
'மாலை நான்குக்கு மேல் அடுப்படியில் வெயில் சுடும்.
துணி ஒரு மணி நேரத்தில் காயும்.'
பதினேழு பேர் பதில் போட்டார்கள்.
ஒரு தாதி கேட்டார்:
எனக்கு இரவு வேலை,
காலையில் எந்த அறை இருட்டு?

இப்படிச் சேர்ந்தவை
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முகவரிகள்.
கண்காட்சியில் இலவசப் பேனா கொடுத்து வாங்கியவை,
பாலத்து நெரிசலில் கார்க் கண்ணாடி இறக்கிச் சொன்னவை,
கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில்
ஈர விரலால் தட்டித் தந்தது ஒன்று;
அதில் ஓர் எழுத்துப் பிழை,
இன்றுவரை என்னிடமே திரும்பி வருகிறது.

பெர்த்திலிருந்து வைரப்பெருமாள் கூப்பிட்டார்.
ஜெலுத்தோங், லிஃப்டில் 'பன்னிரண்டு ஏ' என்று போட்ட
பதின்மூன்றாம் மாடி.
மூன்று அறை, புதுச் சாயம்,
ஆயிரத்து நானூற்று ஐம்பது வெள்ளி.
'எல்லாருக்கும் அனுப்பும்மா.
நம்மாளுங்களுக்கு மட்டும் வேணாம்.
உனக்கே தெரியுமே.'

எனக்கே தெரியும்.
என்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம்.
காருக்குத் தவணை இருபத்தெட்டாம் தேதி.
'சரிங்க சார்' என்றது வாய்,
நன்றாகப் பழகிய வாய்.

அந்த வரியை எழுதக்கூடாது.
எழுதாமலே செய்ய வழி உண்டு.
பட்டியலைப் பிரிப்பது என்று பெயர்,
பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்ததுதான்:
சரியான ஆளுக்குச் சரியான வீடு.

நம்மைக் கண்டுபிடிப்பது சுலபம்.
அடையாள அட்டையில்
பிள்ளைக்கும் அப்பனுக்கும் நடுவே
ஒரு சாய்கோடு,
சுவரில் சாத்தி வைத்த துடைப்பம்போல.
அதைத் தேடு என்றேன்.
இருநூற்றுப் பதினொரு பேர்
ஒரு சொடுக்கில் போனார்கள்.
தாதியும் போனார்.
ஆயிர் ஈத்தாம் நூருல் அமீன் தப்பித்தார்,
அவருக்கு நடுவில் 'பின்'.

பத்து மணி. அனுப்பினேன்.
பத்து ஐந்து. கைப்பேசி சும்மா கிடந்தது.
முதல் பிரதி எப்போதும் எனக்கு வரும்,
சோதித்துப் பார்க்க.
பட்டியலின் முதல் வரிசை நான்தான்:
பவளக்கொடி, சாய்கோடு, முத்துவேலு.

தேநீரில் ஆடை கட்டியது.
எழுதியவளுக்கே வராத கடிதம்
தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு பைகளில்
மணியடித்துக்கொண்டிருந்தது.

பத்து இருபதுக்குப் பெர்த்.
'எனக்கு இன்னும் மெயில் வரலையேம்மா?'

அவர் பக்கத்தில் ஏதோ பறவை கத்தியது.
'உங்களுக்கு வராது சார்.
உங்க பேர்லயும் அது இருக்கே.'

எது என்று கேட்டார். சொன்னேன்.
வெகுநேரம் பறவை மட்டும் பேசியது.
பிறகு, 'நான் சொன்னது
வேற மாதிரி ஆளுங்களைம்மா.'

அதற்குக் கணினியில் பொத்தான் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மிச்சம் இருநூற்றுப் பதினொன்றுக்கும் அனுப்பினேன்.
வீடு அதே வீடு, வாடகை அதே வாடகை.
தலைப்பு மட்டும்:
'தாமதத்துக்கு மன்னிக்கவும்'.
மேசையில் கைப்பேசி அதிர்ந்தது.
திறந்தவர்: ஒருவர்.
அது நான்.

பதினொன்றுக்குள் எண்பத்தாறு.
வைரப்பெருமாள் திறக்கவில்லை,
வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.
தாதி இரண்டு வரி எழுதியிருந்தார்:
எதற்கு மன்னிப்பு?
காலையில் எந்த அறை இருட்டு?

நாளை ஏழு மணிக்குப் போய்
ஒவ்வொரு அறையிலும் நின்று பார்க்கவேண்டும்.